அழுத பிள்ளைக்குத்தான் மருந்தா?

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று ஒரு பழமொழி உண்டு. சங்கக் கூட்டங்களில் நாமே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். வாய் திறந்து கேட்காதவனுக்குக் கூலி உயராது என்ற அர்த்தத்தில் அது சரியான வார்த்தைதான். ஆனால் ஓர் இடத்தில் அந்தப் பழமொழி பொய்யாகிவிடுகிறது. டான்சில் சதையை ஆபரேஷன் செய்து எடுத்த சிறு குழந்தையிடம் அது செல்லாது. அந்தக் குழந்தை வாய்விட்டு அழாது. அழுதால் தொண்டைப் புண் இன்னும் வலிக்கும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே அது எச்சிலைக்கூட விழுங்காமல், வாயோரம் ஒழுகவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமங்களில் இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். தகப்பன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறான். தாய் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஆபரேஷன் முடிந்து இது மூன்றாம் நாள். ஆஸ்பத்திரியில், "வலி என்று சொன்னால் இந்த மருந்தைக் கொடும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தை வலி என்று சொல்லவில்லை. "பிள்ளை சமத்தாகப் படுத்திருக்கிறது, மருந்து எதற்கு?" என்று தாய் நினைக்கிறாள். மருந்துப் புட்டி அலமாரியில் இருக்கிறது. காலையில் குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கிறது. மாலையில் உதடு வறண்டு, கண் குழிந்து போகிறது.

இதில் தாயின் குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அவளுக்குச் சொல்லப்பட்ட விதிதான் தவறு. "வலித்தால் கொடு" என்ற விதியை மாற்றி, "மணி பார்த்துக் கொடு" என்ற விதியை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு வீடும் ஏற்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

வலி எத்தனை நாள்?

டான்சில் ஆபரேஷன் சின்ன ஆபரேஷன் என்று பலரும் நினைக்கிறார்கள். வெளியே தையல் இல்லை, கட்டு இல்லை. அன்றைக்கே அல்லது மறுநாளே குழந்தை வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் தொண்டைக்குள் இரண்டு பக்கமும் திறந்த புண் இருக்கிறது. அந்தப் புண்ணின் மீதுதான் ஒவ்வொரு வாய்த் தண்ணீரும் ஒவ்வொரு கவளமும் உரசிக்கொண்டு போகவேண்டும். கையில் புண் என்றால் அசைக்காமல் வைத்திருக்கலாம். தொண்டைக்கு அந்த ஓய்வு கிடையாது.

ஆகவே இந்த வலி ஒரு நாளில் தீராது. முதல் சில நாட்கள் கடுமையாக இருக்கும். பல குழந்தைகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முதல் நாளைவிட அதிகமாக வலிக்கும். முழுதும் அடங்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் மூன்றாம் நாள் தாய்மார்கள், "ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டதோ?" என்று பதறுகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களும் அவர்களைப் பயமுறுத்துகின்றன. ஒன்று, தொண்டையில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் தெரியும். அது சீழ் அல்ல. புண் ஆறும்போது படியும் பொருக்கு. வாய் நாற்றமும் அதனால்தான். இரண்டாவது, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு சிணுங்கும். தொண்டைக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால், தொண்டையின் வலி காதில் தெரிகிறது. காதில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. தொண்டையின் வலிக்கு மருந்து கொடுத்தால் காது வலியும் குறையும்.

நெய்வேலித் தொழிலாளிக்குத் தெரிந்த பாடம்

ஏன் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும்? நெய்வேலித் தொழிலாளிக்கு இதை விளக்குவது எளிது.

1956-ல் நெய்வேலி நிலக்கரி ஸ்தாபனம் பதிவானது. 1957 மே 20-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். மேல்மண்ணை அகற்றுவது மட்டும் அங்கே பிரச்னையாக இருக்கவில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் நிலத்தடி நீர் இருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அளவுக்கு மேல்நோக்கி அழுத்துகிறது. மேல்மண்ணை எடுத்த இடத்தில் இந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். அதனால்தான் பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன.

தண்ணீர் பீறிட்ட பிறகு பம்பைப் போடலாம் என்று எந்தத் தொழிலாளியாவது சொல்வானா? சொன்னால் சுரங்கம் மூழ்கிவிடும். வலியும் இப்படித்தான் அழுத்துகிறது. அது பீறிட்டுக் கிளம்பிய பிறகு கொடுத்த மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும். அதற்குள் குழந்தை விழுங்க மறுத்துவிடும். விழுங்க மறுத்தால் மருந்தும் உள்ளே போகாது, தண்ணீரும் போகாது. நீர் குறைந்த தொண்டை வறண்டு வலி இன்னும் ஏறும். இந்தச் சுழலில் சிக்கிய குழந்தையைத்தான் மீண்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் குளுகோஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது. பம்பு நிற்காமல் ஓடினால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

மருந்துக்கும் ஷிப்டு உண்டு

பாரசிட்டமால், இபுபுரூஃபென் ஆகிய இரண்டு சாதாரண மருந்துகள்தான் இதற்கு முக்கியம். இரண்டும் விலை அதிகமில்லாதவை. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை டாக்டர்கள் 2011-ல் வெளியிட்டு 2019-ல் திருத்திய வழிகாட்டுதலும், குழந்தைகளுக்கு டான்சில் ஆபரேஷனுக்குப் பின் இவற்றில் ஒன்றை அல்லது இரண்டையும் கொடுக்கும்படி சிபாரிசு செய்கிறது.

மில்லில் அடுத்த ஷிப்டுக்காரன் வந்து மெஷினைப் பிடிக்கும்வரை முந்தியவன் விட்டுப் போவதில்லை. மருந்தும் அப்படியே. ஒரு வேளையின் பலம் தீருவதற்குள் அடுத்த வேளை வரவேண்டும். உதாரணமாக பாரசிட்டமால் ஆறு மணிக்கொருமுறை என்றால் காலை 6, பகல் 12, மாலை 6, நள்ளிரவு 12. முதல் சில நாட்கள் இரவில் தூங்கும் குழந்தையை எழுப்பியாவது கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் விடியற்காலையில் வறண்ட தொண்டையோடும் முழு வலியோடும் அது விழிக்கும். மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்துக் கஞ்சி கொடுத்தால் குழந்தை விழுங்கும்.

அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 16 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 240 மில்லிகிராம். இங்கேதான் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. கடையில் விற்கும் சிரப் எல்லாம் ஒரே பலம் அல்ல. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் இருக்கிறது, 240 அல்லது 250 உள்ள புட்டியும் இருக்கிறது. முதல் புட்டியில் இந்தக் குழந்தைக்கு 10 மில்லி வேண்டும். இரண்டாவதில் 5 மில்லி போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் கொண்டது. அதைச் சிரப் என்று நினைத்து 10 மில்லி ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், ஈரல் கெடும். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். புட்டியுடன் வரும் அளவுமூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ உபயோகியுங்கள்.

இபுபுரூஃபெனை டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும். அது ரத்தக் கசிவை அதிகப்படுத்துமோ என்று சில டாக்டர்கள் தயங்குவதுண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கும், உடலில் நீர் வற்றிய குழந்தைக்கும், இம்மருந்தால் இளைப்பு வரும் குழந்தைக்கும் அது ஆகாது. டெங்கு என்று சந்தேகப்படும் காய்ச்சலிலும் கூடாது. இரண்டு மருந்தும் ஒன்றாகக் கலந்த சிரப்பும் கடைகளில் விற்கிறது. சளி மருந்துகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. அவற்றோடு தனிப் பாரசிட்டமாலையும் கொடுத்தால் அறியாமலே இரட்டை அளவு போய்விடும்.

கொடுக்கக் கூடாதவை

குழந்தையின் வலியைப் போக்குகிறேன் என்று உயிரைப் போக்கிய மருந்துகளும் உண்டு. அவற்றில் முக்கியமானது கோடீன். 2009-ல் கனடா டாக்டர்கள் ஒரு சம்பவத்தை உலகுக்குத் தெரிவித்தார்கள். டான்சிலும் அடினாய்டும் எடுக்கப்பட்ட இரண்டு வயதுக் குழந்தை, கோடீன் மருந்துடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டது, வீட்டிலேயே இறந்துபோயிற்று. கோடீன் ஈரலில் மார்பினாக மாறுகிறது. சிலருடைய உடலில் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். வெளியே பார்த்தால் குழந்தை நிம்மதியாகத் தூங்குவதுபோல் இருக்கும். உள்ளே மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-ல், டான்சில் ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று எச்சரித்தது. 2017-ல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோடீன், டிரமடால் இரண்டுமே கூடாது என்றது. இருமல் மருந்துகளிலும் கோடீன் கலந்தவை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பெரியவர்கள் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினும் குழந்தைக்கு ஆகாது. அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். நிமெசுலைடை 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2011-லேயே தடை செய்தது. வீட்டில் பழைய புட்டி கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

2025-ன் கொடுமை நம் நினைவில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற சளி மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்த மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. லாபத்துக்காகத் தரத்தைச் சோதிக்காமல் விற்ற கொடுமை அது. அதைக் கேட்டுப் பயந்துபோய் வலி மருந்தையே நிறுத்திவிடுவது பரிகாரமல்ல. பெயர் தெரியாத கலவை மருந்தை ஒதுக்கி, டாக்டர் எழுதிய ஒற்றை மருந்தை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துவதே சரி.

"வலி பழகட்டும்" என்பவர்களுக்கு

"சின்னப் பிள்ளைக்கு என்ன வலி தெரியும்? இரண்டு நாளில் மறந்துவிடும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது படிக்காதவர் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். படித்த டாக்டர்களே நெடுங்காலம் இப்படி நம்பினார்கள். 1980-கள் வரை பல நாடுகளில் பச்சிளங் குழந்தைகளுக்கு வலி மருந்து போதிய அளவு கொடுக்காமலே, உடலை அசைக்க முடியாமல் செய்து, ஆபரேஷன் செய்தார்கள். கத்த முடியாத குழந்தையின் மௌனத்தை வலியின்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். குறைமாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஆபரேஷனின்போது வலி மருந்து சேர்த்துக் கொடுத்து, ஆக்ஸ்போர்டில் அவரும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். மருந்து பெற்ற குழந்தைகளின் உடல் அதிர்ச்சி குறைந்தது. தேறியதும் நன்றாக இருந்தது. 1987-ல் இது வெளியான பிறகு மருத்துவ உலகம் தன் வழக்கத்தை மாற்றத் தொடங்கியது.

வலியைச் சொல்ல வாயில்லாதவனுக்கு வலியே இல்லை என்று முடிவு கட்டுவது பழைய தந்திரம். பண்ணையாளின் முதுகைப் பற்றியும் ஆலைத் தொழிலாளியின் நுரையீரலைப் பற்றியும் மேலே இருந்தவர்கள் இப்படித்தான் பேசினார்கள். "அவர்களுக்குப் பழகிப்போய்விட்டது" என்றார்கள். நம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்தப் பொய்யை நம் குழந்தையைப் பற்றி நாமே சொல்லலாமா?

தண்ணீரும் அபாய அறிகுறிகளும்

"தொண்டையில் புண், குளிர்ச்சி ஆகாது" என்று பாட்டிமார் தடுப்பார்கள். அன்பால் சொல்வதுதான், ஆனால் சரியல்ல. குளிர்ந்த தண்ணீர், ஆறிய கஞ்சி, இளநீர், ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம். குளிர்ச்சி புண்ணுக்கு இதமாக இருக்கும். குழைந்த சோறு, இட்லி என்று குழந்தை விரும்பியதைக் கொடுங்கள். புளிப்பும் காரமும் எரியும். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பயமில்லை. தண்ணீர் குறையக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கு இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாகக் குடிக்க வையுங்கள். குழந்தை விளையாட எழுந்து வருகிறதா, சிறுநீர் போகிறதா என்று கவனியுங்கள். அதுவே வலி அடங்கியதற்கு அடையாளம். நான்கைந்து வயதுக் குழந்தையிடம், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஐந்தாறு முகங்களை வரைந்து காட்டினால், தன் வலி எது என்று விரலால் தொட்டுக் காட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன முதல் நாளிலும், பிறகு பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் ரத்தம் கசியலாம். வாயில் சிவப்பு ரத்தம் தெரிந்தாலும், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும், தூக்கத்தில்கூட எதையோ அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினாலும், எழுப்ப முடியாத மயக்கத்தூக்கம் இருந்தாலும், அரைநாளாகச் சிறுநீர் போகாவிட்டாலும் அப்படியே.

மணி பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நாளைக்கு நான்கு வேளை மருந்து, மணிக்கு மூன்று முறை தண்ணீர், பத்தாம் நாள் வரை ரத்தக் கசிவுக் காவல். இதையெல்லாம் யார் செய்வது? தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால்தான் நடக்கும். அந்த நாட்களின் கூலியை யார் கொடுப்பது?

மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுமுறையாகப் பணிக்காலத்தில் 730 நாட்கள் உண்டு. 2008 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் முந்திரி உடைக்கும் பெண்ணுக்கு? கரும்பு வெட்டும் பெண்ணுக்கு? ஒரு நாள்கூடக் கிடையாது. 1948 சட்டத்தில் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளியின் குழந்தைக்கு வைத்தியம் உண்டு. ஆனால் நோய்க்கால உதவித்தொகை தொழிலாளிக்கே நோய் வந்தால்தான். குழந்தையைக் கவனிக்க வீட்டில் இருந்தால் இல்லை. ஆக, ஆபரேஷன் இலவசமாக நடந்தாலும், அதற்குப் பின் வரும் பத்து நாளின் செலவு முழுதும் ஏழைத் தாயின் தலையில் விழுகிறது. குழந்தையின் வலி வீட்டுக்கு வீடு வேறல்ல. அதைத் தணிக்கக் கிடைக்கும் நேரம்தான் வேறு.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

டான்சில் ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், குழந்தையின் எடைக்குத் தகுந்த மருந்து அளவையும் மணியையும் அபாய அறிகுறிகளையும் தமிழில் எழுதிய தாளைத் தாயின் கையில் கொடுத்து, படித்துக் காட்டி அனுப்ப வேண்டும்.

பத்து நாளைக்கு வேண்டிய வலி மருந்தையும் அளவுச் சிரிஞ்சையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஆண்டிபயாடிக்கும் டானிக்கும் பையில் நிறைந்திருக்க, வலி மருந்து மட்டும் விடுபடக் கூடாது.

மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்து, "பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி உட்பட எல்லாத் தொழிலாளருக்கும், குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தால் தாய் அல்லது தகப்பனுக்குப் பத்து நாள் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் நல வாரியங்கள் மூலம் அந்த நாட்களின் கூலி கிடைக்க வேண்டும்.

இவை கிடைக்கும்வரை தொழிலாளர் குடும்பங்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், "எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வேளை கொடுத்ததும் கோடு போடுங்கள். இரவு ஷிப்டு இல்லாத வாரத்தில் நள்ளிரவு மருந்தைத் தகப்பன் கொடுக்கட்டும். அது பெண்ணின் வேலை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுத் தோழரின் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், பகலில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். சங்கம் என்பது ஆலை வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

நம் கோரிக்கைகளை உரக்கச் சொல்வோம். நாம் பெரியவர்கள், நமக்குக் குரல் இருக்கிறது. தொண்டைப் புண்ணோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குக் குரல் இல்லை. அது அழும்வரை காத்திருக்க வேண்டாம். மணியைப் பாருங்கள், மருந்தைக் கொடுங்கள்.